பேபி கூப்பிட்ட பெயர்

மாசி மாதத்து ஞாயிறு காலை. ரூஜில் குடியிருக்கும் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் காரில் ஓடி, பேபியும் மனுசனும் காணிக்கு வந்து சேர்ந்தபோது மைனஸ் பதினெட்டு. இந்தக் குளிரில் விறகு இழுக்க வருகிற தமிழ்ச்சனம் கனடாவில் எத்தனை பேர் இருப்பார்களோ, பேபிக்குத் தெரியாது. தனக்கு வாய்த்தவர் ஒருவர் என்பது மட்டும் தெரியும்.

பழியும் அவளுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னர், "ஹீற்றர் சூடெல்லாம் ஒரு சூடோ, முழங்காலுக்கு நெருப்புச் சூடுதான் சுகம்" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டாள். மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார். பிறம்ரனில் லொறி ஓடும் வேலையை விட்டதும் விட்டார், இங்கே விறகடுப்புள்ள பழைய வீடு, அதன் பின்னால் ஐந்து ஏக்கர், பூச்சி அரித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள், சிநேகிதர் கிளிபோட்டின் கிழட்டு ட்ரக்டர் என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டார். போன ஐப்பசியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகாவது அடங்குவார் என்று பார்த்தால், எங்கே!

மகள் நிலக்சி போனில் சட்டம் போட்டிருந்தாள். "அப்பா தனியப் போகேலாது. அம்மா, நீங்கள் பக்கத்திலை நிண்டு பாருங்கோ. ஏதுமெண்டால் உடனை கத்துங்கோ, ஓகே?" பிறகு சிரித்தாள். "என்னெண்டு கத்துவீங்கள்? பேர் சொல்ல மாட்டீங்களே!"

உண்மைதான். கலியாணம் கட்டி முப்பத்தேழு வருடம், பேபி புருசன் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்டபோது அவருடைய ஹெல்த் காட்டை நீட்டினாள். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குக் கேட்டால், மூலஸ்தானத்துப் பிள்ளையாரைக் கண்ணால் காட்டி, "அவரின்ரை பேர்தான்" என்பாள். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே "இஞ்சாருங்கோ"தான். தேத்தண்ணி ஆறுது, இஞ்சாருங்கோ. போன் அடிக்குது, இஞ்சாருங்கோ. அவரும் திரும்பிப் பாராமலே "வாறன், வாறன்" என்பார். வரமாட்டார்.

மரத்தைப் போன கிழமையே அவரும் கிளிபோட்டும் விழுத்திக் கிளை கழித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு அடிமரத்தைப் பழைய வீட்டடிக்கு இழுக்க வேண்டும். அவர் சங்கிலியை மரத்தில் சுற்றி, மற்ற நுனியை ட்ரக்டரின் பின்பக்கத்து மேல் கம்பியில் மாட்டினார்.

"கிளிபோட் அண்ணை கீழ்க் கொழுக்கியிலை எல்லோ போடச் சொன்னவர்?" என்றாள் பேபி. "மேலை போட்டால் மிசின் மல்லாந்திடும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

"கீழை போட்டால் மரம் ஸ்நோவுக்கை குத்தும், பேபி. கொஞ்சம் தூக்கி இழுக்க வேணும். முப்பது வருசம் லொறி ஓடினவனுக்கு நீர் பாடம் எடுக்கிறீரோ?"

சொன்னால் கேட்கிற ஆளா அது!

ட்ரக்டர் உறுமிக்கொண்டு பத்தடி போனது. பிறகு நின்றது. பனிக்குள் மூடிக் கிடந்த பழைய அடிக்கட்டை ஒன்றில் மரத்தின் தலை கொழுவியதைப் பேபி கண்டாள். அவர் காணவில்லை. எஞ்சினை முறுக்கினார். முன்சில்லு இரண்டும் ஒரு சாண் எழும்பி, தொப்பென்று விழுந்தன. பனிமேடு என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் முறுக்கினார்.

"இஞ்சாருங்கோ!"

அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். "வாறன், வாறன்."

முன்சில்லுகள் மறுபடி எழும்பின. ஒரு சாண், இரண்டு சாண், அவளுடைய இடுப்பளவு. ட்ரக்டரின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

"விநாயகமூர்த்தி!"

அவருடைய கால் தானாகக் கிளச்சை மிதித்தது. முன்பக்கம் தடாலென்று நிலத்தில் விழுந்து எஞ்சின் நின்றுபோனது. அவர் றோட்டுப் பக்கமும் மரங்கள் பக்கமும் தேடிப் பார்த்தார்.

"ஆர் கூப்பிட்டது? கிளிபோட் வந்திட்டானோ?"

பேபி பனிக்குள் அப்படியே குந்திவிட்டாள். அவர் இறங்கி வந்து அடிக்கட்டையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். முழங்காலளவு பனியை மிதித்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நீரோ கூப்பிட்டது?"

"வேறை ஆர் இருக்கினம் இஞ்சை?" கையுறை போட்ட கையால் அவர் தோளில் இரண்டு அடி போட்டாள். அழுகை வெடித்தது. "நான் கூப்பிடுறன், நீங்கள் கையைக் காட்டுறியள்! நீங்கள் இல்லாட்டி எனக்கு விறகு என்னத்துக்கு? நெருப்பு என்னத்துக்கு?"

வழக்கமாக ஏதும் பகிடி விடுகிற மனுசன், விடவில்லை.

"தேத்தண்ணிக்கு எண்டு நினைச்சிட்டன், பேபி," என்றார். "இவ்வளவு வருசமும் அப்பிடித்தான் நினைச்சிட்டன்."

தன்னுடைய மஃப்ளரால் அவளுடைய மூக்கைத் துடைத்துவிட்டார். மெல்லக் கேட்டார். "ஒருக்கால் திருப்பிச் சொல்லுமன்."

"போங்கோ, விசர்க்கதை!" கண்ணீரோடு அவளுக்கு வெட்கமும் வந்து தொலைத்தது.

அலவாங்கால் மரத்தின் தலையை அடிக்கட்டையிலிருந்து நெம்பி விலக்கினார். சங்கிலியைக் கழற்றிக் கீழ்க் கொழுக்கியில் மாட்டினார். சரிதானே என்று பேபியை ஒருமுறை பார்த்தார். அவள் தலையாட்டிய பிறகுதான் ஏறினார்.

மரம் இப்போது நல்ல பிள்ளையாய்ப் பின்னால் வழுக்கி வந்தது. ட்ரக்டர் ஆமை வேகத்தில் போக, பேபி தள்ளிப் பக்கவாட்டில் நடந்தாள். வேலியடியில் திரும்பும்போது, குசினியிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

கிளச்சை மிதித்தார். எஞ்சினை நிறுத்தினார். இருக்கையில் உடம்பு முழுவதையும் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என்ன, பேபி?"

"ஒண்டுமில்லை," என்றாள் பேபி. "சும்மா கூப்பிட்டுப் பாத்தனான்."