கயிற்றில் கட்டிய தெரு

கடல் விழுங்கிய ஒரு தெருவை மணல் மேல் திரும்பப் போட்டுக் காட்டவேண்டும். தொண்டு நிறுவனம் அவளை நம்பி ஒப்படைத்திருந்த வேலை இதுதான். காகிதத்தில் அதற்குக் கடலோர மரபுக் கல்வித் திட்டம் என்று பெரிய பெயர். அவளுக்குத் திட்ட மேலாளர் என்று அதைவிடப் பெரிய பெயர். ஊர் இந்த வம்பெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தோளில் கயிறோடு அலைகிறவளைக் கயிற்றுக்காரி ஆக்கிவிட்டது.

அந்தத் தெரு படகுத்துறைச் சுவரில் தொடங்கிக் கரும்பாறைகளில் முடிந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடல் அதை வீடு வீடாக எடுத்துக்கொண்டது. இப்போது அந்த இடம் தண்ணீருக்குள் கிடக்கிறது. கடல் நன்றாக உள்வாங்கும் சில காலைகளில் மட்டும் ஈர மணலாக மேலே வந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒவ்வொரு வீட்டையும் கயிற்றால் வரைந்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தெருவில் நடந்தபடி கரை எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் ஒரு தரம் நின்று பார்ப்பார்கள்.

அலுவலகம், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் இரண்டு அறை. கீழே எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் மேலே தேநீர்க் கோப்பைகள் மேசையில் நடக்கும். பழைய தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் வீட்டை அறை அறையாகச் சொன்னார்கள். சொன்னபடி அவள் கயிற்றை வெட்டி, வாசல் வருகிற இடத்தில் சிவப்புத் துணி முடிந்து, சுருட்டி ஆணியில் மாட்டினாள். யார் நினைவையும் திருத்தக்கூடாது என்பது அவளே போட்ட விதி. நிதி கேட்கப் போன இடத்திலெல்லாம் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

தையல்காரர், தன் அப்பாவின் முன்னறையில் தையல் மெஷின்களும் கட்டிலும் போக, அவற்றைச் சுற்றித் தான் மூன்று சக்கர வண்டி ஓட்டவும் இடம் இருந்தது என்று அடித்துச் சொன்னார். அடுத்த வீட்டு அக்காவுக்கு மட்டும் சின்ன முன்னறை இருக்க மனசு வருமா? அவர் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அந்த வீடுகளில் குழந்தைகளாக இருந்தவர்கள். அண்ணாந்து பார்த்த வீட்டை வேறு எப்படி அளப்பார்கள்? அதே தெருவில் வளர்ந்த கயிற்றுக்காரியும் தன் வீட்டுக்கு இருப்பதிலேயே நீளமான கயிற்றைத்தான் வெட்டி வைத்திருந்தாள் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம்.

ஒத்திகைக் காலையில் குட்டு வெளிப்பட்டது. அவளும், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் கடல் டீச்சரும் படகுத்துறைச் சுவரிலிருந்து முளையடித்துக் கயிறு கட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வீடும் தன் பங்கைவிடக் கூடுதலாக மணலை எடுத்துக்கொண்டது. கடைசிக்கு முந்தின வீடுவரை கட்டி முடித்தபோது எதிரே பாறைகள்தான் நின்றன. நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு மணல், அதையொட்டித் தேங்கின தண்ணீர். தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதன் கயிறு இன்னும் அவள் தோளிலேயே தொங்கியது.

வேறு யார் வீடாவது விடுபட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பாள். இந்த வீட்டுக்குத்தான் அம்மாவை அழைத்திருந்தாள். வீடு விழுந்த நாளிலிருந்து அம்மா கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி, தலைவலி என்று தட்டிக்கழித்தவர், போன வாரம்தான் பிடி கொடுத்துப் பேசினார். நம் வீட்டையும் போடுகிறாய் என்றால் வருகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த உத்தியோகத்துக்கே வந்தோமோ என்று மகளுக்கு அன்று தோன்றியது.

தையல்காரர் கயிற்றில் ஒரு முழம், அக்கா கயிற்றில் ஒரு முழம் என்று அங்கங்கே கிள்ளினால் காதும் காதும் வைத்த மாதிரி இடம் கிடைத்துவிடும். கத்தியைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். கடல் டீச்சர் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் கண்ணை மூடி வண்டி ஓட்டிக் காட்டிய முகம் நினைவுக்கு வந்து, கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னாள். இடம் இல்லாவிட்டால் என்ன, வருகிறேன் என்று சொன்னதிலிருந்து மாற்றமில்லை என்றார் அம்மா.

திறப்பு நாளன்று மூடுபனி. கடலும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை; கயிற்றுத் தெரு மட்டும் இருந்தது. வந்தவர்கள் மெதுவாகப் பேசினார்கள். தரையில் கிடக்கிற கயிற்றைத் தாண்டிப் போக ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்ச் சிவப்புத் துணி இருக்கும் இடம் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். தையல்காரர் காலைத் துடைத்துக்கொண்டு நுழைந்தார். அடுத்த வீட்டு அக்கா இல்லாத நிலைப்படிக்குத் தலையைக் குனிந்தார். பள்ளிப் பிள்ளைகள் தெருமுனையில் நின்று, தூங்குகிறவர்களைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இது போதும் என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்தார். தெருவில் யாரிடமும் நிற்கவில்லை. நேரே கடைசி இடத்துக்கு வந்து, மகளின் தோளில் கிடந்த கயிற்றுச் சுருளைப் பார்த்தார்.

"இவ்ளோ கயிறா? யார் வீடு இது?"

"நம்ம வீடும்மா."

அம்மா கயிற்றின் ஒரு முனையைப் பிடுங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கயிற்றோரம் நின்று, குதிகாலால் மணலில் கோடு கிழித்தபடி நடந்தார். நடந்தார் என்பதே பெரிய வார்த்தை; கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். வாசல், படுக்கிற இடம், துணி தொங்குகிற கொடி, எல்லாம் அந்தப் பாய் விரிக்கிற மணலுக்குள் அடங்கிவிட்டன. சுருள் பெரும்பாலும் அவிழாமலே கிடந்தது. அடுக்களை மட்டும் தண்ணீருக்குள் போனது. அம்மா அதற்குள் இறங்கிக் கணுக்கால் நனைய நின்றார்.

அம்மா அழுவார், தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று மகள் கிட்டே போனாள். அம்மா அழவில்லை.

"இந்த வீடு விழுந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றார். "தினமும் ராத்திரி இந்தச் சுவர்ல அலை அடிக்கும். இன்னிக்கா, நாளைக்கான்னு உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுக் கிடப்பேன். விழுந்து தொலைஞ்ச அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

இந்த வீட்டை நினைத்துத்தான் மகள் பெரியவளானாள். இதைச் சொல்லித்தான் வேலை கேட்டாள். அம்மாவும் தன்னைப் போலவே, தன்னைவிட அதிகமாக ஏங்குகிறார் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். கோபம் வந்தது. ஏன் ஒரு நாளாவது சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? நீ வீடு வீடுன்னு அழுதுக்கிட்டே இருந்த. உன் எதிர்ல நான் சிரிக்க முடியுமா? இங்க வந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்னுதான் வரல."

கடல் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். இந்த வீட்டைப் பற்றி என்ன சொல்வது என்று அம்மாவிடமே கேட்டாள் மகள்.

"உள்ளதைச் சொல்லு. ஊரே அழுதப்ப ஒருத்தி மட்டும் அழலைன்னு சொல்லு" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தவில்லை. கடலுக்குப் பக்கத்தில் அம்மா சிரித்து அவள் கேட்டதே இல்லை. கோபத்தை எங்கே வைத்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. வாசல் வழியாக நுழைந்து, செருப்போடே அடுக்களைக்குள் இறங்கினாள். அங்கே இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.