சகாதேவன் அழுத அழுகை

பழவேற்காடு டூரிங் கொட்டாயில் முதல் ஆட்டம். படத்துக்கு முன்னால் விளம்பரம் ஓடியது. மணலில் உட்கார்ந்திருந்த காந்தா சட்டென்று நிமிர்ந்தாள். திரை நிறைய அவள் புருஷன் சகாதேவன். செத்துப் பன்னிரண்டு வருஷமானவன், படகில் துடுப்பைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா, நைனா!" என்று மகள் குணசுந்தரி அவள் கையைப் பற்றினாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஏரியில் படமெடுக்க வந்தவர்கள், பசியாவரம் கிராமத்துச் சகாதேவனைப் படகோட்டியாக நடிக்கவைத்தார்கள். அழச் சொன்னார்கள். தலைச்சன் பிள்ளையைப் புதைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதை நினைத்து அழுதான். போதும் என்ற பிறகும் அழுதான்.

அந்த முகத்துக்கு இப்போது எவனோ மூக்கால் பேசினான்: "ஐயோ, மண்ட வெடிக்குதே! தைலம் குடுங்கடா!" படகில் ஒரு தைல பாட்டில் வந்து குதித்தது. கொட்டாயே சிரித்தது.

காந்தா விறுவிறுவென்று மெஷின் ரூமுக்குப் போனாள்.

"இன்னா பாய் இது? எம் புருசன் அழுவறது தமாஷா?"

ஆபரேட்டர் அப்துல் ஹை திகைத்துப்போனார். "உங்க வீட்டுக்காரரா? எனக்குத் தெரியாதும்மா. கம்பெனி அனுப்புது, ஓட்றேன்."

"யாரக் கேட்டு எடுத்தான்?"

"பழைய படத்த வச்சிருக்கறவன் குடுத்திருப்பான்."

"பொண்டாட்டி நான் உசுரோட இருக்கேனே, என்னக் கேட்டானா?"

"வெட்டிடறேன்மா. இனிமே இங்க ஓடாது" என்றார்.

வெட்டு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. அந்தப் பழைய படமும் இந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது.

"சத்தமில்லாம ஓட்டுவியா பாய்?"

மறுநாள் அப்படியே ஓட்டினார். புருவத்துத் தழும்பு, உதடு கோணும் விதம் எல்லாவற்றையும் காந்தா ஆசைதீரப் பார்த்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் மூக்கால் கத்தினான்: "ஐயோ, மண்ட வெடிக்குதே!" மொத்தக் கொட்டாயும் கூடச் சேர்ந்தது. ஒரே நாளில் எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

"எவன்டா அது? புள்ளயப் பறிகுடுத்தவர்டா அவரு!" ஒரு பிடி மணலை அள்ளிப் பின்பக்கம் வீசினாள். விசில் பறந்தது.

மெஷின் ரூம் வாசலில் போய் நின்றாள். "வெட்டு பாய்."

வெட்டிய பிலிம் துண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பொன்னேரில ஓடுதா?"

"ஓடும்மா."

"மெட்ராசுல?"

"அங்கயுந்தாம்மா" என்றார் அப்துல் ஹை.

"அந்தக் கம்பெனி விலாசத்த எழுதிக் குடு" என்றாள் காந்தா. "காலைல மொத பஸ்ஸுக்குப் போறேன்."