சாய்ந்த கடல்

யூஜினி எடுக்கும் படங்களில் கடல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால்கள் வராது, கழுத்தும் இடது தோளில் சாய்ந்தபடிதான். அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பிய போனை, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தன் கண்ணுக்கு நேராகப் பிடிப்பாள். தான் பார்க்கிறபடியே படமும் வரவேண்டும் என்பதில் அந்த இருபது வயதுக்காரிக்கு அப்படியொரு பிடிவாதம்.

யுத்தம் முடிந்த ஏழாம் வருடம், ஒரு தொண்டு நிறுவனம் புத்தளத்தில் கண்காட்சி வைத்தது. மாம்புரியில் கரைவலை இழுப்பதை அவள் எடுத்திருந்த படத்தைத் தெரிவுசெய்தார்கள். பதின்மூன்று பேர் கயிற்றை இழுக்க, கடைசியில் நின்று அதைச் சுருட்டிப் போடுபவர் அவளுடைய அப்பா யாகப்பு. முப்பது வருடமாக அதே வேலை. அந்த வேலையில் அதுவரை ஒருவரும் அவரைப் படம் எடுத்ததில்லை. அன்றைய மீன் பங்கை விட்டுவிட்டு, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார் மனிதர்.

படத்தின் முன்னால் நின்று, விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார்.

"நான் எங்க மகள்?"

யூஜினிக்குக் காது சுட்டது. கடல், மட்டப்பலகை வைத்துப் பார்த்ததுபோல நேராகக் கிடந்தது. படத்தைத் திருப்பி நிமிர்த்தி, மூலைகளை வெட்டியிருக்கிறார்கள். கீழ் மூலையில் நின்ற அப்பா வெட்டோடு போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டார்களா? கால் வராதவளுக்குக் கண்ணும் தெரியாது என்று தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள்!

நிறுவனத்தின் சார்பில் அவளுக்குப் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்த ஜெனிஸ்டன் சிரித்தபடி வந்தார்.

"கடல் சரிஞ்சு கிடந்துச்சு தங்கச்சி. சனம் பிழையெண்டு சிரிக்கும்தானே? உங்கட நன்மைக்குத்தான் திருத்தினது."

"யாரக் கேட்டுத் திருத்தினீங்க?"

"உங்கட நிலைமைக்கு இவ்வளவு எடுக்கிறதே பெரிய விசயம்…"

அந்த 'நிலைமை'யில்தான் அவளுக்குப் பொறுமை போயிற்று. படம் நல்லதென்றால் நிலைமை எதற்கு? கூடாதென்றால் சுவரில் எதற்கு?

"விடு மகள்," என்றார் யாகப்பு மெல்ல. "என்ட மூஞ்சி என்ன பெரிய மூஞ்சி."

அதுதான் அவளை இன்னும் எரித்தது. போனில் இருந்த வெட்டாத படத்தை எடுத்து நீட்டினாள். ஜெனிஸ்டன் வாங்கி, கடல் நேராகும்வரை போனை மெதுவாகத் திருப்பினார்.

"போனைத் திருப்பாதீங்க சேர். தலையச் சாய்ச்சுப் பாருங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைச் சாய்க்கவில்லை. "பிரதம விருந்தினர் வாற நேரம், பிரச்சினை பண்ண வேணாம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

யாகப்பு மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரண்டை போய்ச் சட்டத்தைக் கழற்றி ஜெனிஸ்டனின் கையில் வைத்தார்.

"என்னை வெட்டினது போகட்டும் சேர். என்ட பிள்ள பாத்தத வெட்ட நீங்க யாரு?"