படுக்கை விரிப்பு துவைத்தவர்கள்

வாசலில் ஆளுக்கொரு தலைக்கவசம் கொடுத்தார்கள். என் நாத்தனார் போட்டுக்கொண்டதும் அது மூக்குவரை இறங்கிவிட்டது. "அண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியல, கையைப் பிடிங்க" என்று சிரித்தாள். கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு அவள் சிரித்தால்கூடப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். இந்த அணுமின் நிலையத்தின் சலவைக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறோம். நிலையத்தை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டோம். நாலாவது முறை நான் அலுவலக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தத் தலைக்கவசம்.

கூட்டிப்போக வந்தவர் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பது வயது இருக்கும், கையில் கதிர்வீச்சை அளக்கும் மஞ்சள் நிற மீட்டர். பெயரைச் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. வாய்க்கு வாய் 'சட்டப்படி' போட்டுப் பேசுகிற மனிதருக்கு வேறு பெயர் எதற்கு?

"சட்டப்படி ஒரு மணி நேரம்தாம்மா. அடுத்த வாரம் இடிக்கப் போறாங்க."

"அது தெரிஞ்சுதான் சார் இந்த வாரம் வந்திருக்கோம்."

விஷயம் இதுதான். நாத்தனாருக்குக் கழுத்தில் கட்டி மறுபடியும் வந்திருக்கிறது. அதற்கான வைத்தியம், நிலையத்தை மூடிய பிறகும் நடக்கிற அதன் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. ஆனால் உலைக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள், அங்கிருந்து வந்த சாமான்களைக் கையாண்டவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இருந்தால்தான் உள்ளே படுக்கை. விண்ணப்பம் போட்டோம். வந்த பதில் எனக்கு மனப்பாடம்: 'சலவைக்கூடத்தில் விருந்தினர் விடுதியின் படுக்கை விரிப்புகள் மட்டுமே துவைக்கப்பட்டன. உலைப் பணியாளர் உடைகள் அங்கு வந்ததற்குப் பதிவு இல்லை.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதியில் இருந்ததே ஆறு கட்டில். ஆறு விரிப்பைத் துவைக்கவா பதினாலு பொம்பளைகளை மூன்று ஷிப்டில் போட்டிருந்தார்கள்?

உலையிலிருந்து வெள்ளை அங்கிகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துக் காயவைத்து, மேசையில் விரித்து, மேலே மீட்டரை ஓட்டிப் பார்ப்போம். கத்தினால் மறுபடி துவைக்க வேண்டும். மூன்றாவது தடவையும் கத்தினால் பீப்பாயில் போட்டு மூட வேண்டும். மூன்று தடவை கத்தியதை மட்டும் நோட்டில் எழுதக்கூடாது என்று மேற்பார்வையாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எழுதினால் மேலிடத்திலிருந்து அவருக்குக் கேள்வி வரும். எழுதாவிட்டால் அது பீப்பாய்க்குப் போகாமல் அடுத்த மூட்டையில் திரும்பி வரும், எங்களில் ஒருத்தி அதே அங்கியோடு நாலாவது தடவை மல்லுக்கட்ட வேண்டும். அது யார் தலையெழுத்து? அதனால் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரில், பென்சிலால் அங்கி நம்பரும் தேதியும் எழுதிவைத்தோம். ஆள் உயரத்துக்கு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை. அதைப் படம் பிடித்துக்கொண்டுபோய், பதில் எழுதியவர்கள் மேசையில் வைக்கத்தான் மகளின் போனை வாங்கி வந்திருந்தேன்.

டர்பைன் கூடத்தின் வழியாக நடந்தோம். கூரைத் தகடு ஒன்று பிய்ந்து, தரையில் மழைத்தண்ணீர் குளம் கட்டியிருந்தது. புறாக்கள் குடியேறிவிட்டன. கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. பொத்தான்களைப் பிடுங்கிய பலகையில் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. மேசைமேல் யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடி, ஒரு காது ஒடிந்தது. அதிகாரி ஒவ்வொரு இடத்திலும் நின்று இது இத்தனை டன், அது இத்தனை டன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சரி, இத்தனை டன்னையும் ஓட்டியவன் சட்டையைத் துவைத்தது யார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். இந்த ஒரு மணி நேரமும் அவர் தயவில்தான் ஓட வேண்டும்.

சலவைக்கூடத்துக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இருந்த இடத்தில் நாலு நாலு போல்ட்டுகள் மட்டும். நான் நேரே பின்சுவருக்குப் போனேன்.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

முதலில் புரியவில்லை. அடப் பாவிகளா, அழித்துவிட்டார்களே என்றுதான் நினைத்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி... நாமதான்."

நாங்களேதான். பதினோரு வருடத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. கடைசி நாள், இயந்திரங்களை நிறுத்திய பிறகு வேலை இல்லாமல் நின்றோம். நாளைக்கு எவனாவது வந்து பார்த்து, சலவைக்காரிகள் இருந்த லட்சணத்தைப் பார் என்று சொல்லிவிடக்கூடாதாம். பதினாலு பேரும் சோடா போட்டுத் தேய்த்து, மேலே இரண்டு பூச்சு சுண்ணாம்பும் அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தோம். நான்தான் முன்னால் நின்று விரட்டினேன். என் கையை எதால் அடிக்க?

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பார்த்தாச்சில்லம்மா, போலாமா? ஃபைல்ல படுக்கை விரிப்புன்னுதானே இருக்கு. சட்டப்படி நான் என்ன பண்ண முடியும்?"

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சுத்தம் சுத்தம் என்று ஒரு மூலை விடாமல் துடைத்தோமே, ஒரு கறையாவது மிச்சம் வைத்தோமா என்று தரை முழுக்கக் கண்ணை ஓட்டினேன். நாத்தனார் அதற்குள் நடுவில் குந்தி உட்கார்ந்து, வடிகாலின் இரும்பு மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம வேலை இல்லையே அண்ணி."

சத்தியமாக இல்லை. அந்த மூடிக்குக் கீழே, துவைக்கிற துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது குழாய்ப் பிரிவு ஆம்பளைகளின் வேலை. வருடக்கணக்காக அவர்களோடு சண்டை போட்டோம். ஒருநாளும் வரவில்லை. கடைசி நாள்கூட ஒருத்தி திறக்கப்போனாள். "விடுடி, அவனுங்க வேலைய நாம ஏன் செய்யணும்?" என்று தடுத்ததும் நான்தான். என் வீம்பு வாழ்க.

"சட்டப்படி அதைத் திறக்க அனுமதி—" என்று அவர் முடிப்பதற்குள் கிடந்த கம்பியைக் கொடுத்து நெம்பிவிட்டேன். உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு, காய்ந்து அடை அடையாக.

"இப்ப வைங்க சார் உங்க மீட்டரை."

கடனே என்று குனிந்து வைத்தார். டிக், டிக் என்றது. பிறகு விடாமல் இரைந்தது. மீட்டரின் குமிழைத் திருப்பி மறுபடி வைத்தார். மறுபடியும் அதே இரைச்சல். "ரெண்டு பேரும் பின்னால தள்ளி நில்லுங்க" என்றார். அந்த வாக்கியத்தில் 'சட்டப்படி' இல்லை.

"படுக்கை விரிப்பு என்னமா கத்துது பாருங்க சார்" என்றேன்.

அவர் மீட்டரை அணைத்தார். "இதை எழுதினா இடிக்கிறது நின்னுடும்மா. நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லணும் தெரியுமா?"

"எழுதலேன்னா எனக்குப் பதில் சொல்லணும். நான் இங்கிருந்து நகர்றதா இல்ல. சொல்லுங்க, சட்டப்படி என்ன செய்யணும்?"

என்னைப் பார்த்தார். நாத்தனாரின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். பையிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்துத் திறந்து எழுத ஆரம்பித்தார். சலவைக்கூடம், வடிகால், மாசு உண்டு. மீட்டர் காட்டிய அளவு. உடனிருந்தவர்கள் என்று எங்கள் பெயர்கள்.

"பேருக்குப் பக்கத்துல, இங்க உலை அங்கி துவைச்சவங்கன்னு போடுங்க."

பேனா நின்றது.

"பெரிய எழுத்துல" என்றாள் நாத்தனார். அந்தக் குரல் அவருக்கும் கேட்டது. எழுதினார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு சட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. மாசுள்ள இடத்தில் நின்றவர்கள் அதே செருப்போடும் துணியோடும் வெளியே போகக்கூடாதாம். எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிவிட்டு, எங்களுக்கு இரண்டு வெள்ளை அங்கிகள் கொண்டுவந்து கொடுத்தார். எத்தனை ஆயிரம் துவைத்திருப்போம், ஒரு தடவைகூடக் கையை நுழைத்துப் பார்த்ததில்லை.

"பின்பக்கமா வண்டி வரச் சொல்றேன், யாரும் பாக்க மாட்டாங்க."

"பாக்கட்டும் சார். நடந்தே வர்றோம்."

அலுவலகத்தின் முன்னால் போகும் பெரிய சாலையில் இறங்கினோம். எங்களுக்குப் பதில் எழுதியவர்கள் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்கள். பட்டியலில் சேர்ப்பார்களா, இன்னும் எத்தனை வாசற்படியில் உட்கார வைப்பார்களோ, தெரியாது. நாத்தனார் காலரை மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"சரியாவே அலசல அண்ணி. சோப்பு அப்படியே இருக்கு. யாரு துவைச்சாளோ!"

மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. நீளம் அதிகமான கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில், அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள்.