ரப்பர் முகமூடிக்குள் வெர்னர்

எங்கள் கம்பெனிப் படங்களில் பைத்தியக்கார விஞ்ஞானி மாறுவார், அவர் உண்டாக்கும் பூதம் மாறாது. சின்ன சினிமாக் கம்பெனிகள் ஒரே வாரத்தில் படத்தை முடிக்கிற கோவர் தெருவில், ஒரு ரப்பர் உடுப்புக்கு மேல் எவன் செலவு செய்வான்? பூதத்தின் முதுகில் ஜிப் தெரியும். குடுவையில் கொதிப்பது திராட்சை ஜூஸ். ஆய்வுக்கூடச் சுவர் வெறும் அட்டை, கதவைச் சாத்தினால் ஆடும். தியேட்டரில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஃபிலிமை வெட்டி ஒட்டுகிற எனக்கே சிரிப்பு வரும், வெர்னர் இருந்தவரைக்கும்.

அந்த ரப்பருக்குள் இருந்தவன் வெர்னர் லிண்ட்குவிஸ்ட். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தான். முதலாளி கெஸ்லர் அதற்காகப் பூதத்தை நிறுத்திவிடவில்லை. பழைய படத்துத் துண்டுகளை எடுத்துப் புதுப் படத்தில் ஒட்டச் சொன்னார். புது நடிகைக்கும் அதே வெள்ளை கவுனை மாட்டிவிட்டால் போதுமாம், பூதம் தூக்கிப் போவது யாரென்று எவன் கண்டான்? ஆக, செத்தவன் வேலைக்கு வந்துகொண்டே இருந்தான். என் மேசையின் சின்னத் திரையில் அவன் நடந்து வரும்போதெல்லாம் முதுகு சில்லிடும். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் நானே அவனைத் தீயில் ஓடவிட்டேன்.

அப்போதுதான் அவன் அம்மா ஹுல்டா நெப்ராஸ்காவிலிருந்து வந்தார். சினிமா பாவம் என்கிற சபைக்காரர், மகன் நடித்த ஒரு படத்தையும் பார்த்ததில்லை. இப்போது அவன் முகம் அசைவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். நான் எங்கே போவேன்? எல்லாப் படத்திலும் முகமூடி. ஒரே ஒரு இடத்தில், தீயில் ஓடும்போது முகமூடி நழுவிப் பாதி முகம் தெரியும். திரும்ப எடுக்க மனசில்லாமல் கெஸ்லர் அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஹுல்டாவைக் கூட்டிப்போனேன். பூதம் மயங்கிய பெண்ணைத் தூக்கிவந்து மேசையில் கிடத்தியது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு தீ, ஓட்டம், நழுவிய முகமூடி. பிள்ளைகள் ஊளையிட்டார்கள். அதுதான் வெர்னர் என்று அவர் காதில் சொன்னேன்.

"அது என் பையன் இல்லம்மா," என்றார். "மொதல்ல பொண்ணத் தூக்கிட்டு வந்தானே, அவன்தான். கீழ வைக்கிறப்ப தலைக்கு அடியில கையக் குடுத்தான் பாருங்க. தங்கச்சியத் தொட்டில்ல போடறப்பவும் அப்படித்தான் செய்வான்."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். கெஸ்லரைக் கேட்டேன். தீக் காட்சி எடுத்த அன்றைக்கு மதியம் ரப்பருக்குள் வெர்னர் இருமிக்கொண்டே இருந்தானாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தச்சன் ஒருவனை அதற்குள் நுழைத்தாராம். கூசாமல் சொன்னார். அந்தத் துண்டை எத்தனை படத்தில் ஒட்டியிருப்பேன், கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன். எனக்கு அழுகையாக வந்தது.

ஊருக்குத் திரும்பாமல் ஹுல்டா இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார். அடுத்த படத்திலும் அவன் வருவானா என்று கேட்டார். வருவான் என்றேன்.

"அதுலயும் எரிச்சிடுவீங்களா?"

மறுநாள் கத்திரியோடு என் மேசையில் உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தில் வெர்னர் பெண்ணைக் கிடத்தினான், தலைக்கு அடியிலிருந்து கையை மெல்ல எடுத்தான். அதோடு இன்னொரு பழைய படத்தில் அவன் கதவைத் திறந்து வெளியே போகிற துண்டை ஒட்டினேன். தீயில் ஓடுகிறவனைக் குப்பையில் போட்டேன். ஆய்வுக்கூடம் ஆளில்லாமல் எரிந்தது. பூதம் எங்கே என்று கெஸ்லர் குதித்தார். தப்பித்துவிட்டது, அடுத்த படத்துக்கு வரும் என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

படம் வந்ததும் மறுபடி ஹுல்டாவோடு போய் உட்கார்ந்தேன். வெர்னர் வெளியே போய்க் கதவைச் சாத்தினான், சுவர் ஆடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஹுல்டாவும் சிரித்தார். பிறகு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"வெளிய குளிருமே. கோட்டு போட்டிருந்தானா?"