தொட்டால் உயிர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நிறஞ்சனாவின் தாய்க்கு மட்டும் தெரியாது போலும். தெரிந்திருந்தால் இந்தப் பள்ளித் தவணை முழுக்க எனக்கு அப்படிக் கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

மூன்றாம் தரத்துக்குத் திங்களும் வியாழனும் உடற்கல்விப் பாடம். அந்த இரண்டு நாளும் பிள்ளை கொப்பித் தாளில் எழுதிய கடிதத்துடன் வந்து நிற்பாள். 'பிள்ளைக்கு ஏலாது. ஓட விட வேண்டாம். யூலிற்றா.' அவ்வளவுதான். என்ன ஏலாது? தண்ணீர் வாளியை ஒற்றைக் கையால் தூக்கி வருகிற பிள்ளை அவள். மற்றவர்கள் மணலில் ஓடும்போது பூவரச மரத்தடியில் குந்தியிருந்து பார்ப்பாள். கால்விரல்கள் மட்டும் மணலைக் கிண்டிக்கொண்டே இருக்கும்.

தாய்க்கு விருப்பமில்லாவிட்டால் நாங்கள் என்ன செய்கிறது, விட்டுவிடுங்கோ என்றார் பள்ளி அதிபர் கதிர்காமநாதன். நான் விடுகிற ஆளா? ஆசிரியர் வழிகாட்டியை எடுத்து, உடற்கல்வியின் நோக்கங்கள் இருந்த பக்கத்தில் சிவப்புக் கோடு போட்டேன். இதயமும் நுரையீரலும் பலப்படுதல், உடலைத் தன் வசம் வைத்திருத்தல், கூடி விளையாடுதல், தோல்வியைத் தாங்கப் பழகுதல். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி ஒரு பிடி பிடிப்பது என்று முடிவெடுத்து, தாயை வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

யூலிற்றா வந்தார். முப்பது வயது சொல்லலாம். கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு நேரே வந்திருந்தார். கையில் செதில் ஒட்டியிருந்தது. நான் முதலாவது நோக்கத்தைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை, அவர் தலையாட்டினார்.

"ஓடுறது எனக்குத் தெரியும் ரீச்சர். கடைசிச் சண்டையில எனக்குப் பதினாலு வயசு. மூண்டு மாசம் ஓடினனாங்கள். தங்கச்சி பின்னால நிண்டிட்டாள். நான் திரும்பிப் போகேல்லை."

அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ஓடப் பழக்கினா, ஓட வேண்டிய காலமும் வந்திடும். என்ர பிள்ளை பழக வேண்டாம்."

அந்த மாதங்களில் நான் சண்டை நடந்த இடத்துக்கு வெளியே, வவுனியாவில் இருந்தவள். எனக்கு என்ன தெரியும்? வழிகாட்டியை மூடினேன். என் கோபத்தை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குள் மணி அடித்து, பிள்ளைகள் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகும்படி மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டேன்.

அன்று கல் விளையாட்டு. ஐந்து பேர் துரத்துவார்கள். அவர்கள் தொட்டவர் நின்ற இடத்திலேயே கல்லாகிவிட வேண்டும். இன்னும் அகப்படாத ஒருவர் ஓடிவந்து தொட்டால், கல்லுக்கு மறுபடியும் உயிர் வரும்.

யூலிற்றா மரத்தடியில் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். நான் விசில் ஊதியதும் அவருடைய தோள்கள் இறுகின. பிள்ளைகள் நாலாபக்கமும் சிதறினார்கள். யூலிற்றா அவர்களுடைய முகங்களையே பார்த்தார்.

"ஓடேக்கை சிரிக்குதுகள், ரீச்சர்."

பிள்ளைகள் ஓடும்போது சிரிப்பது ஒவ்வொரு கிழமையும் நான் காண்கிற காட்சிதான். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

கலிஸ்ரா கல்லானாள். எல்லைவரை தப்பிப் போயிருந்த அனிஸ்ரன், துரத்துகிறவர்களுக்கு நடுவால் வளைந்து நெளிந்து ஓடிவந்து அவளைத் தொட்டான். யூலிற்றா திறந்த வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வாறான், திரும்பி வாறான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு கலிஸ்ராவும் அகப்பட்டாள், அனிஸ்ரனும் அகப்பட்டான். மைதானம் முழுக்கக் கற்கள். உயிர் கொடுக்க ஒருவரும் மிச்சமில்லை. ஆட்டம் முடிந்ததென்று விசிலை வாயில் வைத்தேன். மரத்துக்குக் கிட்டக் கல்லாக நின்ற வின்சன், உடம்பை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி, "நிறஞ்சனா, நீ வாவன்," என்றான்.

பிள்ளை எழும்பிவிட்டாள். எழும்பித் தாயைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விடுங்கோ என்று கெஞ்ச வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

யூலிற்றா செருப்பைக் கழற்றினார். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே ஓடினார். இத்தனை வருடமாக ஓடாத கால்கள், மணலில் இரண்டு முறை தடுமாறின. வின்சனின் தலையைத் தொட்டார். அவன் சிரித்துக்கொண்டு பறந்தான். துரத்துகிறவர்கள் பெரிய ஆளைக் கண்டு திகைத்துப்போய் நின்றுவிட்டார்கள். அவர் நிற்கவில்லை. கலிஸ்ராவைத் தொட்டார். அனிஸ்ரனைத் தொட்டார். நிறஞ்சனா பின்னாலேயே ஓடினாள். தாய் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை.

"அங்கால ஒருத்தி நிக்கிறாள். ஓடு பிள்ளை," என்று கையைக் காட்டினார்.

இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். என் மைதானத்தில் இப்படியொன்றை நான் கண்டதில்லை. விசில் வாயில் இருந்தது, ஊத மூச்சு வரவில்லை.

கடைசியாக அவர் என் முன்னால் வந்து, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார். முகமெல்லாம் வியர்வை. கண்கள் மட்டும் மைதானத்தை மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தன.

"இன்னும் ஆரும் நிக்கினமே, ரீச்சர்?"

நான் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தேன். அவருக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது.

"ஒருத்தரும் இல்லை, யூலிற்றா," என்றேன். "எல்லாரையும் மீட்டிட்டீங்கள்."