ரசீதில் இருந்த நான்கு மாதம்

மூன்று மணிக்குள் முன்பணம் வராவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அதன் உரிமையாளர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்றரை.

பாட்டில் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார் கழுகு. பெல்ட்டில் ஓடும் பாட்டிலில் முடியளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். இனி அந்த வேலையை ஒரு கேமரா பார்க்கப் போகிறது. கழுகுக்கு இழப்பீடு கொடுத்து அனுப்புகிறார்கள். அதில்தான் மனைவிக்குத் தையல் கடை. ஒரு மாதமாக இருவரும் அந்தக் கனவோடுதான் தூங்கி எழுந்தார்கள்.

கணக்குத் தாளைப் பார்த்ததும் தலையில் இடி விழுந்தது. மூன்றில் ஒரு பங்கு வரியாம்!

"பத்து வருஷம் முடிஞ்சிருந்தா இந்தப் பணத்துக்கு வரியே கிடையாது சார். உங்களுக்கு ஒன்பது வருஷம் எட்டு மாசம்தான் ஆகுது," என்றார் கணக்கர் அம்மா. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

விதி விட்ட வழி என்று கழுகு பேனா மூடியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்த மனைவி பேனாவைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். இரண்டு முறை அளக்காமல் கத்தரிக்கோலைத் தொடாத கை அது.

மருத்துவக் காப்பீட்டைச் சொந்தப் பொறுப்புக்கு மாற்றுவதற்காகப் பழைய பிரீமியம் ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டின் அடியில் இருந்த மிகப் பழைய ரசீதையும், தாளில் இருந்த 'வேலையில் சேர்ந்த நாள்' கட்டத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, வேலைக்குச் சேர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே உங்க சம்பளத்துல பிரீமியம் பிடிச்சிருக்காங்களே. கம்பெனிக்கு உங்க மேல அவ்வளவு பாசமா?"

கணக்கர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

உலைக்கூடத்துக்குள் கால் வைக்கும் எவரையும் முதல் நாளே காப்பீட்டில் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். கழுகும் தற்காலிக ஆளாகத்தான் உள்ளே நுழைந்தார். நான்கு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. கணக்கு அந்த உத்தரவிலிருந்து தொடங்கிவிட்டது. கழுகுக்கே அது மறந்து போயிருந்தது.

கணக்கர் அம்மா ரசீதுகளோடு மேலாளர் அறைக்குள் போனார். கடிகார முள் ஓடியது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது.

"பிரீமியம் பிடிச்சோம்னா வேலையில வெச்சிருந்தோம்னுதானே அர்த்தம். மேலாளர் ஒத்துக்கிட்டார்," என்று சிரித்தார் கணக்கர் அம்மா. அதோடு நில்லாமல், இந்த வருடம் கழுகு கட்டிய பிரீமியத்தையும் சம்பள வருமானத்தில் கழித்து, கொசுறாக அந்த வரியையும் குறைத்தார்.

புதுத் தாளில் இழப்பீட்டுக்கான வரி முட்டை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய முட்டைகளுக்கெல்லாம் சேர்த்து இன்றைக்குச் சிரித்தார் கழுகு. கொண்டையிலிருந்து பேனா இறங்கியது. பணம் வங்கிக்குப் பறந்தது.

மூன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது சாவி மனைவியின் கையில் இருந்தது. கழுகு கடையின் கண்ணாடிக் கதவருகே குனிந்தார்.

"கீழ் மூலையில ஒரு விரிசல் இருக்கு. முதல் மாச வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

உரிமையாளர் விழித்தார். மனைவி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடேயப்பா, இது மட்டும் கண்ணுல பட்டுடுச்சு," என்றாள்.